இன்றைக்கு எது, நாளைக்கு எது

வேலைப் பட்டியல் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றியவர்களுக்கு முதல் வாரம் உற்சாகமாகவே போகும். மனதில் கிடந்ததையெல்லாம் தட்டிப் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் இன்றைய தேதி, பாதிக்கு மேல் சிவப்புக் கொடி, அரை மணிக்கு ஒரு மணியோசை. மூன்றாவது வாரம் திறந்து பார்த்தால் திரை முழுக்கத் தேதி தாண்டிய வேலைகள் சிவப்பாக நிற்கும். அதைப் பார்க்கவே பிடிக்காமல் ஆப்பைத் திறப்பது நின்றுபோகும். பிறகு பழையபடி யார் போனில் சத்தம் போடுகிறாரோ அவர் வேலை முதலில் நடக்கும்.

மைக்ரோசாஃப்ட் டு டூ, கூகுள் டாஸ்க்ஸ், டூடூயிஸ்ட், டிக்டிக் என்று எதை எடுத்தாலும் அடிப்படை வசதிகள் ஏறக்குறைய ஒன்றுதான்: தேதி, நினைவூட்டல், முக்கியம் என்று காட்டும் குறி, தனித்தனிப் பட்டியல்கள், திரும்பத் திரும்ப வரும் வேலையைப் பதியும் வசதி. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்ல வந்தவை. நாமோ எல்லாவற்றையும் ‘மறந்துவிடாதே’ என்ற ஒரே காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம். என்னைக் கேட்டால் இந்த ஆப்களின் உண்மையான உதவி நினைவூட்டுவதில் குறைவு, மறைத்து வைப்பதில் அதிகம். இன்றைக்குத் தேவையில்லாததைக் கண்ணில் படாமல் வைத்து, உரிய நாளில் மட்டும் எடுத்து நீட்டுமானால் அந்த ஆப் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. திருப்பூரில் ஒரு சிறு பனியன் கம்பெனி, அங்கே கணக்குப் பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தின் 10-ஆம் தேதி, காலை ஒன்பதரை மணி. அவர் கையில் இருப்பவை இவை: நாளைக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை பில்களின் விவரம், தாக்கல் செய்ய வேண்டும். 15-ஆம் தேதிக்குள் பிஎஃப், இஎஸ்ஐ கட்ட வேண்டும். 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி. சாயப்பட்டறையிலிருந்து மூன்று பில் இன்னும் வரவில்லை. ஒரு பார்ட்டி கணக்கு ஒத்துப்போகவில்லை, போன வருடத்திலிருந்தே இழுக்கிறது. புது ஆர்டருக்குக் கொட்டேஷன் போடச் சொல்லி முதலாளி நேற்றே சொல்லிவிட்டார். கணக்கு மென்பொருளான டேலியில் பேக்கப் எடுக்க வேண்டும். ஏசி சர்வீஸுக்கு ஆள் வரச் சொல்ல வேண்டும். பட்டியலில் பார்த்தால் இந்த எட்டும் ஒரே அளவு எழுத்தில், ஒரே அகல வரியில் இருக்கின்றன. வரிகள் சமமாக இருப்பதால் வேலைகளும் சமம் போலத் தோன்றும். ஏசி மெக்கானிக்குக் கூப்பிடுவது இரண்டு நிமிட வேலை என்பதால் கை முதலில் அங்கேதான் போகும்.

தேதியிலிருந்து தொடங்குவோம், பெரும்பாலான குழப்பம் அங்கேதான். ஒரு வேலைக்கு இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று வெளியுலகம் வைத்த கெடு. மாதந்தோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்றால் அடுத்த மாதம் 11-ஆம் தேதி, டிடிஎஸ் பிடித்தம் செலுத்த 7-ஆம் தேதி. நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது மாறாது. மற்றொன்று, அந்த வேலையில் நாம் உட்காரப்போகிற நாள். கெடு 11 என்றால் உட்கார வேண்டியது 8 அல்லது 9. கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைய, ஜிஎஸ்டி போர்ட்டல் திணறும். ஒடிபி வருவதற்கே காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும் திங்ஸ் என்ற ஆப் இந்த இரண்டுக்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிறது. எப்போது செய்யப்போகிறாய் என்பது ஒன்று, கெடு எது என்பது இன்னொன்று. டூடூயிஸ்ட்டிலும் இப்போது தேதி வேறு, டெட்லைன் வேறு. மைக்ரோசாஃப்ட் டு டூவில் ‘டியூ டேட்’ ஒன்றுதான் உண்டு. அதில் வெளியுலகம் வைத்த கெடுவை மட்டும் போட்டுக்கொள்ளலாம். உட்காரும் நாளை முடிவு செய்ய அதில் வேறொரு வசதி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு கட்டுப்பாடு சற்றுக் கடினம். வெளிக் கெடு இல்லாத வேலைக்கு டியூ டேட் போடவே கூடாது. ஒத்துப்போகாத அந்தப் பார்ட்டி கணக்குக்கு யாரும் கெடு வைக்கவில்லை. ‘இன்றைக்கு முடிக்கணும்’ என்ற ஆசையில் இன்றைய தேதி போட்டால் நாளை அது சிவப்பாகும். இப்படி ஆசைத் தேதிகள் நாலைந்து சிவப்பானதும், நிஜமாகவே கெடு தாண்டப்போகிற ஜிஎஸ்டி வேலை அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். சிவப்பைப் பார்த்தால் பதற வேண்டும். பொய்ச் சிவப்பைத் தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பதற்றம் வராது.

அடுத்தது முக்கியக் குறி. டூடூயிஸ்ட்டில் பி1 முதல் பி4 வரை நான்கு நிலைகள்: பி1 சிவப்பு, பி2 ஆரஞ்சு, பி3 நீலம். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் வேலை நிறமில்லாத பி4-இல் போய் உட்காரும். டு டூவிலும் கூகுள் டாஸ்க்ஸிலும் நிலைகள் கிடையாது, ஒரே ஒரு நட்சத்திரம். டிக்டிக்கில் நான்கு கட்டமாக வேலைகளைப் பிரித்துக் காட்டும் ஒரு பக்கமே இருக்கிறது, ஐசனோவர் கட்டம் என்று பெயர்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பேச்சு இருக்கிறது. அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954-இல் எவன்ஸ்டன் நகரில் நடந்த உலகத் திருச்சபைகள் மன்றக் கூட்டத்தில் பேசியபோது, முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதாக, அவசரமான பிரச்சினைகளும் முக்கியமான பிரச்சினைகளும் வேறு வேறு என்ற கருத்தைக் குறிப்பிட்டார். கட்டம் போட்டது அவர் இல்லை. 1989-இல் ஸ்டீபன் கவி எழுதிய நூல்தான் நான்கு கட்டப் பிரிவை அலுவலகங்களுக்குள் கொண்டுவந்து பரப்பியது.

கட்டம் தெரிந்தும் நாம் ஏன் அவசரத்தின் பின்னாலேயே ஓடுகிறோம்? 2018-இல் ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச் இதழில் ஜூ, யாங், ஷீ ஆகிய மூவர் எழுதிய ஆய்வு இதைச் சோதித்தது. பலன் குறைவு, ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற வேலை ஒருபுறம். பலன் கூடுதல், அவசரமில்லை என்ற வேலை மறுபுறம். நேரம் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பலரும் பலன் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் நமக்குப் பயன்படுவது ஆய்வின் இன்னொரு முடிவு. தேர்ந்தெடுக்கும் அந்த நொடியில் எதற்கு என்ன பலன் என்பது கண்ணெதிரே இருந்தால் அந்த இழுப்பு குறைந்தது.

அப்படியானால் வேலையின் பெயரிலேயே விளைவையும் எழுதிவிடலாம். ‘ஜிஎஸ்டிஆர்-1’ என்று மட்டும் எழுதினால் அது ஒரு படிவத்தின் எண். ‘ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல்: தவறினால் வாங்கியவர்களுக்கு இந்த மாதம் கிரெடிட் வராது’ என்று எழுதினால் கதை மாறிவிடும். இது மிகையில்லை. 11-ஆம் தேதிக்குள் நாம் ஏற்றும் விற்பனை பில்கள்தான், வாங்கியவருக்கு 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வரும். 12-ஆம் தேதி ஏற்றினால் அவருக்கு வரிக் கழிவு ஒரு மாதம் தள்ளிப்போகும். 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், வரிப் பாக்கி இருந்தால் அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அது நம் பையிலிருந்து போகிற பணம், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஜிஎஸ்டிஆர்-1 தவறினால் போவது வாடிக்கையாளரின் பணம், அதோடு அடுத்த ஆர்டரும் போகக்கூடும். அபராதத் தொகையை மட்டும் பார்த்து எது முக்கியம் என்று முடிவு செய்கிறவருக்கு இது பிடிபடாது. தவறினால் யாருக்கு அடி விழும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

குறியை எத்தனை வேலைக்குப் போடலாம்? ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு, அவ்வளவுதான். பத்து வேலைக்கு நட்சத்திரம் போட்டால் நட்சத்திரம் இல்லாத பட்டியலும் அதுவும் ஒன்றே. பி2, பி3 இரண்டையும் நான் பொருட்படுத்துவதே இல்லை. ஒரு வேலை பி2-வா பி3-ஆ என்று யோசிக்கிற நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

உட்காரும் நாளை முடிவு செய்யும் வசதி என்று சொன்னேனே, அது டு டூவில் இருக்கும் ‘மை டே’. வுண்டர்லிஸ்ட் என்று ஒரு ஆப் இருந்தது. அதை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2017-இல் டு டூவைக் கொண்டுவந்து, 2020 மே மாதம் வுண்டர்லிஸ்ட்டை மூடியது. பழைய ஆப்பின் ரசிகர்கள் நிறையப் பேர் அப்போது முணுமுணுத்தார்கள். ஆனால் டு டூவின் மை டே என்ற எண்ணம் அருமையானது. ஒவ்வொரு நாளும் அது வெற்றுப் பக்கமாகத் திறக்கும். நேற்று அதில் இருந்து முடியாமல் போனவை அழிவதில்லை. அதனதன் பட்டியலுக்கே திரும்பிவிடும். காலையில் பக்கத்தைத் திறந்தால் பல்பு போன்ற படத்தைத் தட்டி, ஆப் எடுத்துக் காட்டும் பரிந்துரைகளைப் பார்க்கலாம். கெடு நெருங்கியவை, நேற்று விடுபட்டவை, அண்மையில் சேர்த்தவை எல்லாம் அங்கே வரும். அதிலிருந்து இன்றைக்கு வேண்டியதை நாமே கையால் எடுத்துப் போட வேண்டும்.

நேற்றைய பாக்கி தானாக இன்றைக்கு வராது என்பதுதான் இதன் சிறப்பு. ஒவ்வொரு வேலையும் இன்றைய பக்கத்துக்குள் வர நம் அனுமதி தேவை. டூடூயிஸ்ட்டின் ‘டுடே’ பக்கம் வேறு மாதிரி. தேதி தாண்டியவை எல்லாம் கேட்காமலே மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் பழகியவர்கள் காலையில் முதல் வேலையாக அந்தப் பகுதியைக் காலி செய்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

நம் கணக்குப் பெண்ணின் 10-ஆம் தேதிக்குத் திரும்புவோம். மை டேயில் அவர் எதை எடுத்துப் போடலாம்? ஜிஎஸ்டிஆர்-1, நிச்சயம், நட்சத்திரத்தோடு. கொட்டேஷன், ஆர்டர் விஷயம் என்பதால். சாயப்பட்டறைக்கு ஒரு போன். அந்த மூன்று பில் கொள்முதல் பில்கள், 3பி போடும்போதுதான் வேண்டும். ஆனால் பட்டறைக்காரர் தம் பங்குக்கு ஜிஎஸ்டிஆர்-1 ஏற்றினால்தான் நம் 2பி-யில் அவை வரும், அவருக்கும் நாளைதான் கடைசி. ஆகவே போன் இன்றைக்கே. பிஎஃப், இஎஸ்ஐ நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பார்ட்டி கணக்கு, ஏசி இரண்டும் இன்றைக்குக் கண்ணில் படவே வேண்டாம். டேலி பேக்கப் எப்படியும் மாலையில் தானாக வரும், எப்படி என்று பிறகு சொல்கிறேன். மூன்றே மூன்று வரி. பார்த்தால் சோம்பேறியின் பட்டியல் போலத் தெரியும்.

மூன்று போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வு பதில் சொல்லும். பூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியல் அறிஞர்கள் 1994-இல் வெளியிட்டது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். எல்லாமே நன்றாக நடந்தால் என்று நினைத்துத்தான் நாம் நேரம் கணிக்கிறோம். கணக்குப் பிரிவில் எல்லாமே நன்றாக நடக்கிற நாள் எது? கரண்ட் போகும், ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும், ஒரு பில்லில் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். காலையில் முடியும் என்று தோன்றுவதில் பாதியை எடுத்துப் போட்டால் மாலையில் சரியாக இருக்கும்.

லேபிளும் ஃபில்டரும் பட்டியல் நீளமானவர்களுக்கு. நூறு வேலை தாண்டாதவர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். லேபிள் என்பது வேலையின் மேல் ஒட்டும் சீட்டு: போன், போர்ட்டல், காத்திருப்பு என்பது போல. இவற்றில் காத்திருப்பு என்பது பொன்னான சீட்டு. நாம் கேட்டுவிட்டோம், பதில் வரவேண்டியது அடுத்தவரிடமிருந்து என்ற வேலைகளை அதில் ஒதுக்கிவிட்டால், இன்றைய பட்டியலில் நாம் செய்யக்கூடியது மட்டுமே மிஞ்சும். ஃபில்டர் என்பது கேள்வி. டூடூயிஸ்ட்டில் இன்றைக்கு உள்ளதும் பி1 ஆனதும் மட்டும் காட்டு என்று ஒரு முறை எழுதி வைத்துவிட்டால், தட்டும்போதெல்லாம் அந்த இரண்டு மூன்று வரி மட்டும் வரும், மற்ற தொண்ணூறும் மறையும்.

திரும்ப வரும் வேலைகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மாதா மாதம் 11 என்பது காலண்டரோடு கட்டப்பட்ட வேலை. இந்த மாதம் 9-ஆம் தேதியே முடித்தாலும் அடுத்தது 11-இல்தான் வர வேண்டும். ஏசி சர்வீஸ் அப்படியில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றால் கடைசியாக எப்போது செய்தோமோ அதிலிருந்து மூன்று மாதம். ஒரு மாதம் தள்ளிச் செய்தால் அடுத்ததும் தள்ளித்தான் வர வேண்டும். டூடூயிஸ்ட்டில் இந்த வேறுபாட்டை ஓர் ஆச்சரியக்குறி செய்துவிடும். ஆங்கிலத்தில் ‘எவ்ரி’ என்ற சொல்லைத் தட்டினால் காலண்டர்படி வரும். அதே சொல்லோடு ஆச்சரியக்குறியை ஒட்டினால் முடித்த நாளிலிருந்து எண்ணும். வேலையின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம், தேதிச் சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். டேலி பேக்கப்பை ஒவ்வொரு வேலை நாளும் மாலை ஆறு மணி என்று ஒரு முறை பதிந்துவிட்டால், பிறகு அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். டு டூவிலும் திரும்ப வரும் வேலையை முடித்ததாகக் குறித்ததும் அடுத்தது தானாக உருவாகும்.

நினைவூட்டலைக் கஞ்சத்தனமாகப் பயன்படுத்துங்கள். குறிப்பிட்ட மணிக்கு நடந்தே ஆக வேண்டியதற்கு மட்டும் மணியோசை போதும். வங்கி மேனேஜரைப் பார்ப்பது போன்றவை. மற்றதற்கெல்லாம் காலையில் ஒரு முறை பட்டியலைப் பார்ப்பதே நினைவூட்டல்தான்.

வேலை எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகிறது. அங்கேயே விட்டால் பத்து செய்திக்குக் கீழே புதைந்துவிடும். செய்தியைக் காப்பி எடுத்து ஆப்பில் ஒட்டிவிட வேண்டும். மெயிலில் வருவது இன்னும் எளிது. ஜிமெயிலில் மெயிலிலிருந்தே டாஸ்க்ஸில் சேர்க்கும் வசதி இருக்கிறது. அவுட்லுக்கில் கொடி போட்ட மெயில்கள் டு டூவில் தனிப் பட்டியலாக வந்து நிற்கும். ஒட்டும்போது பெயரைக் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும். ‘சாயப்பட்டறை பில்’ என்று இருந்தால் அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என்ன செய்ய வேண்டும் என்று மறுபடி யோசிக்க நேரும். ‘சாயப்பட்டறைக்குப் போன் போட்டு மூன்று பில் கேட்பது’ என்றால் யோசனை முடிந்துவிட்டது, டயல் செய்ய வேண்டியதுதான். பார்ட்டி கணக்கு ஒரு வருடமாக இழுப்பதற்கும் பெயர்தான் பாதிக் காரணம். ‘கணக்கு ஒத்துப்பார்ப்பது’ என்பது ஒரு வேலையல்ல, ஏழெட்டு வேலை. டு டூவில் ஒரு வேலைக்குள் ‘ஸ்டெப்ஸ்’ என்று சின்னப் படிகள் சேர்க்கலாம். முதல் படி, பார்ட்டியிடம் லெட்ஜர் நகல் கேட்பது. அது இரண்டு நிமிட வேலை.

இவ்வளவும் சரி, முதலாளி உள்ளே வந்தால்? பட்டியல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பதினொரு மணிக்கு அவர் வருவார்.

“ஏம்மா, அந்தக் கொட்டேஷன் என்னாச்சு? இப்பவே போயிரணும்.”

“போட்டுடலாங்க சார். ஜிஎஸ்டிஆர்-1 பாதில இருக்குங்க, நாளைக்குத்தான் கடைசி. இத ஒரு மணிக்குள்ள ஏத்திட்டு, மூணு மணிக்குள்ள கொட்டேஷன் அனுப்புனா போதுங்களா?”

“நாளைக்கா கடைசி? சரி சரி, மொதல்ல அத முடி. மூணு மணி பரவால்ல.”

முடியாது என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. திரையில் மூன்றே வரி இருந்ததால் எதை எதற்குப் பின்னால் நகர்த்துவது என்று உடனே சொல்ல முடிந்தது. எட்டு வரியும் சிவப்பாக இருந்திருந்தால் “பார்க்கறேங்க சார்” என்றுதான் சொல்லியிருப்பார்.

எந்த ஆப் வாங்குவது என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆபீஸ் மெயில் அவுட்லுக் என்றால் டு டூ, ஜிமெயில் என்றால் கூகுள் டாஸ்க்ஸ், இரண்டும் இலவசம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அவற்றிலேயே முடியும். கூகுள் டாஸ்க்ஸில் மை டே கிடையாது. அதற்கு ‘இன்று’ என்று ஒரு பட்டியலை நாமே உருவாக்கி, காலையில் வேலைகளை அங்கே நகர்த்திக்கொள்ளலாம். ஃபில்டர் வேண்டும், திரும்ப வரும் வேலை நிறைய என்றால் டூடூயிஸ்ட். ஆப்பை மாற்றிக்கொண்டே இருப்பது ஒரு வியாதி. புது ஆப்பில் பழைய வேலைகளை ஏற்றுகிற ஞாயிற்றுக்கிழமை மிகச் சுறுசுறுப்பாக இருந்தது போலத் தோன்றும். திங்கட்கிழமை பார்த்தால் வேலைகள் அப்படியே இருக்கும்.

கடைசியாக, வாரத்தில் ஒரு முறை, சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்த கையோடு, ஒரு கால் மணி நேரம் எல்லாப் பட்டியலையும் மேலிருந்து கீழ் பார்க்க வேண்டும். தினசரி மறைத்து வைத்த வேலைகள் வெளிச்சம் பார்க்கிற நேரம் இது ஒன்றுதான். இதைச் செய்யாமல் மறைக்க மட்டும் செய்தால் அவை மறந்தே போகும். டூடூயிஸ்ட்டில் தேதி தாண்டியவற்றை மொத்தமாக வேறு நாளுக்குத் தள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தாதீர்கள், ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூன்றாவது முறையாகத் தள்ளப்படுகிற வேலை ஏதாவது இருந்தால் அதன் பெயர் பெரிதாக இருக்கிறதா, முதல் படி மட்டும் பிரித்து எழுதினால் நகருமா என்று பார்க்க வேண்டும். நகராது என்றால் வேறு யாராவது செய்ய வேண்டிய வேலையா என்று கேட்க வேண்டும். அதுவும் இல்லை, ஆறு மாதமாகச் செய்யாமல் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அதை அழித்துவிடலாம். பிறகு திங்கட்கிழமைக்கான முதல் வேலையை மட்டும் தேர்ந்தெடுத்து நட்சத்திரம் போட்டுவிட்டு சிஸ்டத்தை மூடலாம்.